மௌன மாஸ்டரின் அண்ணன்

நீங்கள் எழுதுகிற தாள் கொஞ்சம் மட்டம், மேடம். மை பின்பக்கம் வரைக்கும் ஊறுகிறது பாருங்கள். குறையாகச் சொல்லவில்லை. எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அடியில் ஒரு அட்டை வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். நான் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நான் பேசுவதை ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்டு, அதை எழுதியும் வைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியமும் இல்லை.

தம்பியின் பெயர் உங்களிடம் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ரேடியோ என்றால் தெரியும். நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே பேசப் பழகியவன். தூக்கத்திலும் பேசுவான். அதைக் கேட்பதற்காகவே அப்பா விழித்திருந்த நாட்கள் உண்டு. துக்க வீட்டுக்கு அவன் போனால், அழுதுகொண்டிருந்தவர்கள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவார்கள். பார்ப்பவர்களுக்கு அது அழுகை மாதிரியே இருப்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அம்மா படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவன் நான். கால் பிடித்துவிட்டேன், வேளைக்கு மருந்து கொடுத்தேன், தெருவில் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, "சின்னவன் எங்கடா? அவன வரச் சொல்லு. எதையாவது பேசிட்டு இருக்கட்டும்" என்றாள். போய்க் கூட்டி வந்தேன். அம்மா சிரித்த முகமாகத்தான் போனாள். இதில் எனக்கு வருத்தம் கிடையாது. குடும்பப் பின்னணி சொல்லச் சொன்னீர்கள் என்பதால் சொல்கிறேன்.

நான் பேசிப் பிழைக்கிற தொழிலில் இருந்தவன். இன்சூரன்ஸ் விற்றேன், தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றேன், கொஞ்ச நாள் கொசுவலை. கதவைத் திறப்பவர்கள், "நீங்க ரேடியோ அண்ணன்தானே?" என்று கேட்டுவிட்டு, அவன் எப்போதோ சொன்ன ஜோக்கை என்னிடமே திருப்பிச் சொல்லி, சிரித்து முடித்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். நல்ல மனிதர்கள். கொசுவலை மட்டும் வாங்கமாட்டார்கள்.

தம்பி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காகித ஆலையில் வேலை பார்த்தான். மேலாளரைப் போலவே பேசிக் காட்டினான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேலாளருக்குப் பின்னால் நின்று பேசியிருந்தால் பிழைத்திருப்பான். முன்னால் நின்று பேசிவிட்டான். ஊருக்குத் திரும்பி, ஆற்றோரத்தில் பழைய படகுக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, நாணலை வெட்டிக் காகிதம் செய்ய ஆரம்பித்தான். வேலை எளிது. நாணலைக் காஸ்டிக் சோடா போட்டு வேகவைப்பார்கள், மேலே பட்டால் தோல் வெந்துவிடும். வெந்ததை அலசி, அடித்து, கூழாக்கித் தொட்டித் தண்ணீரில் கரைப்பார்கள். சல்லடை கட்டிய மரச்சட்டத்தை அதில் முக்கி எடுத்தால் ஒரு தாள். முக்குவதை யாரும் செய்யலாம். தூக்கும்போது மணிக்கட்டை லேசாக ஆட்ட வேண்டும். அந்த ஆட்டம்தான் தாள். அது அவனுக்கு வந்தது. எனக்கு வரவில்லை. நான் தூக்கினால் கஞ்சியில் விழுந்த துணி மாதிரி இருக்கும்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். கத்திக் கத்தி அவன் தொண்டையில் ஏதோ தடித்துவிட்டது. அக்கரை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் வாயத் திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா, அப்புறம் திறந்தும் பிரயோஜனம் இருக்காது" என்றார். ஊர் துக்கம் கொண்டாடியது. டீக்கடையில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று கடைக்காரர் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார், நான் தினமும் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தும்.

அந்த மாதத்தில்தான் கேமரா அம்மா வந்தார். ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போடுகிறவர். மழைக்கு ஒதுங்கிக் கொட்டகைக்குள் வந்தவர், தம்பி ஒன்றன்பின் ஒன்றாகத் தாள் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். தம்பி அவரைப் பார்த்தான், சிரித்தான், மறுபடி சட்டத்தை முக்கினான். அவனுக்குள் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். காது மடல் சிவந்திருந்தது. அவருக்கு அது தியானம் மாதிரி தெரிந்திருக்கிறது.

"இவர் ஏன் பேசறதே இல்ல?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

தொண்டைப் புண் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்துக்கு அது அழகாக இல்லை. மழை பெய்கிறது, ஆறு ஓடுகிறது, வெள்ளைத் தாள் நீரிலிருந்து எழுந்து வருகிறது, அங்கே போய்ப் புண் என்று சொல்வதா? "அவன் சொல்ல வேண்டியத காகிதம் சொல்லிக்கும்மா" என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மேடம், நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் நெஞ்சில் கை வைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தம்பிக்குத் தொண்டை சரியாவதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் ஜோடி ஜோடியாக, அப்புறம் வேன் வேனாக. மௌன மாஸ்டர் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஏன் பேசுவதில்லை. பதில் சொல்ல நான் இருந்தேன். ஒரு பெண் இருந்தாள் என்றேன். அவளை ஆறு கொண்டுபோனது என்றேன். கடைசியாக அவளிடம் பேசிய பேச்சே போதும் என்று நிறுத்திவிட்டான் என்றேன். ஒவ்வொரு குழுவுக்கும் கொஞ்சம் சேர்த்தேன். ஆற்றுக்கு ஆட்சேபணை இல்லை. தொண்டை சரியான பிறகும் அவன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, சோகமாகவே நின்றான். சிரிப்பை அடக்குகிறான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஊர் மாறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். படகுத்துறையில் ஊர்ப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் "அமைதி" என்று பலகை. குயவர் வீட்டில் வருகிறவர்கள் தாங்களே சக்கரம் சுற்றி, கோணல் கோணலாகப் பானை செய்து, ஆனந்தக் கண்ணீரோடு கொண்டுபோனார்கள். நேரான பானை செய்து அவர் இத்தனை வருஷம் கண்ணீரே பார்க்காதவர். தச்சர் பழைய துடுப்புகளுக்கு வண்ணம் அடித்து மாட்டினார். முடிதிருத்தும் கடையில் "மௌன சவரம்" என்று எழுதிப் போட்டார்கள். வழக்கமான சவரத்தைவிட அதற்கு மரியாதை அதிகம். ஊர் வியாபாரிகள் சங்கத் தலைவர் எங்கள் தெருவில் ஹார்ன் அடிக்கத் தடை போட்டார். எங்கள் வீட்டிலேயே மாடியில் வருகிறவர்கள் தங்க அறைகள் கட்டினோம். என் மனைவி சமைத்தாள். ஊர் முழுக்க ரகசியம் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை.

சங்கடங்கள் வரத்தான் செய்தன. ஒருநாள் ஈரத் தாளை அழுத்துகிற பலகை காலில் விழுந்து, தம்பி பலகை செய்த ஆளின் பரம்பரையைப் பற்றி உரத்த குரலில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டான். கொட்டகை நிறைய ஆட்கள். நான் உடனே, பலகையை வணங்கும் பழைய சொல் அது, மௌன விரதத்தில் அனுமதிக்கப்பட்ட ஒரே சொல் என்றேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் தாள் அழுத்துவதற்கு முன்னால் கண்ணை மூடிப் பக்தியோடு அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அவனை ரேடியோ என்று கூப்பிட்டுவிட்டால், நிறுத்தி வைத்த ரேடியோ என்று பொருள் என்பேன். அதற்கும் நெஞ்சில் கை வைப்பார்கள்.

தம்பிக்கு ஆரம்பத்தில் இது விளையாட்டாகத்தான் இருந்தது. ஆட்கள் போனதும் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, அன்றைக்கு அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டுவான்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு அம்மா என் கையப் புடிச்சிட்டு அழுவுறாங்க. எனக்கா, மூக்கு அரிக்குது. ஞானிக்கு மூக்கு அரிக்கலாமாண்ணே? சொறிஞ்சா அர்த்தம் கேப்பாங்களேன்னு அப்படியே நின்னேன்."

என் மனைவி கதவுக்கு வெளியே நின்று சிரிப்பாள். "தம்பி, மெதுவாப் பேசுங்க, துறையில ஆள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சிரிப்பாள். நான் அன்றைக்கு முழுக்க அத்தனை பேரை அழவைத்திருப்பேன். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்டதில்லை.

போகப் போகக் கூட்டம் விடியலிலிருந்து இருட்டும்வரை இருந்தது. அவன் பேச இடமே இல்லாமல் போயிற்று. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் படகு ஏறி ஆற்றின் நடுவே போய்ப் பேசிவிட்டு வர ஆரம்பித்தான். படகு ஓட்டுகிறவள் கணவனை இழந்தவள். தைரியசாலி, தொண்டை பெரிது. அக்கரையில் நிற்பவரோடு இக்கரையிலிருந்தே சண்டை போடக்கூடியவள். நடு ஆற்றில் படகை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் பேசுவார்கள். துறையில் நிற்பவர்களுக்குக் குரல் கேட்காது. படகு குலுங்குவது தெரியும். மாஸ்டர் நதியோடு இருக்கிறார், அவருடைய அந்தப் பெண்ணோடு இருக்கிறார் என்று நான் விளக்கம் சொல்வேன். ஒரு வகையில் பொய் இல்லை.

"உங்க தம்பி பேசற பேச்சுக்கு நான் துடுப்பே போட வேண்டாம், படகு தானாப் போவுது" என்று அவள் ஒருநாள் என்னிடம் சொன்னாள். கட்டிக்கொள்ளப்போகிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் அதற்கு எதிரி இல்லை. ஆற்றில் காதலியைப் பறிகொடுத்தவன் படகுக்காரியைக் கட்டுவது கதைக்குப் பொருந்தாதுதான். ஆனால் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தால் பொருந்த வைத்துவிடுவேன்.

பிரச்சினை வேறு. கலைச் சுற்றுலா நடத்துகிற நிறுவனத்தார் அந்த வருஷத்துக் கைவினைக் கிராமமாக எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆற்றங்கரையில் மேடை, வெளியூர் ஆட்கள், டிவி. மாஸ்டரை மேடையில் உட்கார வைப்பார்கள், அவருக்காக அண்ணன் பேசுவார் என்று ஏற்பாடு. சங்கத் தலைவரே வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேசினா கல்லும் கரையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பல நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன்.

விழாவுக்கு முந்தின வாரம் தம்பி கொட்டகையில், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, நான் பேசப் போறேன்" என்றான்.

"எங்க?"

"மேடையில. மைக்ல. ஐயா அம்மாமாரே, எனக்கு வந்தது தொண்டைப் புண்ணு, மத்ததெல்லாம் எங்க அண்ணன் கைவண்ணம்னு சொல்லிட்டு, பக்கத்துல அவளக் கூப்ட்டு நிறுத்தி, இவளத்தான் கட்டிக்கப்போறேன், ஆறு கொண்டுபோகல, ஆறுதான் கொண்டாந்து குடுத்துதுன்னு சொல்லப் போறேன். எப்படி?"

நான் பதறவில்லை. தாராளமாகக் கட்டிக்கொள், பேச வேண்டாம் என்றேன். கல்யாணத்தைக்கூட மௌனமாகவே நடத்தலாம், அதற்குத் தனியாக ஆட்கள் வருவார்கள் என்றேன்.

"கல்யாணம் பண்ணிட்டும் பேசாம இருக்கறதா? அது நீ செய்யற வேலைண்ணே" என்று சிரித்தான்.

ஊர் பாழாகிவிடும் என்றேன். குயவரைச் சொன்னேன், தச்சரைச் சொன்னேன், மௌன சவரத்தைச் சொன்னேன்.

"ஒண்ணும் பாழாவாது. கொஞ்ச நாள் திட்டுவாங்க, அப்புறம் அதையே சொல்லிச் சிரிப்பாங்க. சிரிக்க வர்றவங்க வரட்டும். என் காகிதம் நல்ல காகிதம்ண்ணே, அது எங்கயும் போகாது." அப்புறம் என் தோளில் தட்டிவிட்டு, "நீ ஏன் பயப்படறே தெரியுமா? நான் பேச ஆரம்பிச்சா, உனக்குப் பேச ஒண்ணும் இருக்காது. அதானே?" என்றான்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். அது என்னைப் பாதிக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் இதையும் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் தெருவில் ஒரு நடை நடந்தேன். எல்லா வீட்டிலும் புதுப் பெயின்ட். ஒரு மனிதனின் வாய் ஒரு ஊரின் வயிற்றில் அடிக்கலாமா என்று யோசித்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். முதலில் மென்மையான வழிகளைத்தான் பார்த்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீராகக் கொடுத்தேன். கோடைக்கு இதமாக இருக்கிறது என்று இன்னும் கேட்டு வாங்கிக் குடித்தான். நாணல் வேகும்போது ஜன்னலைச் சாத்தி வைத்தேன். புகையில் மற்றவர்களுக்குத்தான் இருமல் வந்தது. மருந்துக்கடைக்காரரிடம், தொண்டையைக் கொஞ்சம் கட்ட வைக்கிற மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டேன். "யாருக்கு, ரேடியோவுக்கா? அதுக்கு இன்னும் கம்பெனி ஆரம்பிக்கல" என்றார். நான் எடுத்த எடுப்பில் இறங்கியவன் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் அவனுக்கு லேசாகச் சளி பிடித்தது. ஐஸ் தண்ணீர் கடைசியில் வேலை செய்திருந்தது, போதிய அளவுக்கு இல்லை. மூக்கு அடைத்திருந்ததே தவிர, குரல் கணீரென்று இருந்தது. என் மனைவியிடம் பழைய இருமல் மருந்து பாட்டில் கேட்டேன். காலியாகிவிட்டது, தூக்கிப் போடுவதற்காக வைத்திருக்கிறேன் என்றாள். பரவாயில்லை, கொடு என்று வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டாள். கொட்டகையில் பசை ஊற்றி வைக்க என்றேன்.

பாட்டிலில் என்ன ஊற்றினேன் என்று உங்களுக்குத் தெரியும். நாணலை வேகவைக்கிற அந்தச் சோடாச் சரக்கை எங்கள் கொட்டகையில் எப்போதும் கரைத்து மூடி வைத்திருப்போம். நிறத்துக்காகக் கொஞ்சம் கருப்பட்டிப் பாகு சேர்த்தேன். அவனைக் கொல்லும் எண்ணம் எனக்கு ஒரு நிமிஷமும் இருந்ததில்லை. கொல்வதாக இருந்தால் எங்களுக்கு ஆறு பக்கத்திலேயே இருக்கிறது. தாள் தூக்குகிற கைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் நான் கவனமாகவே இருந்தேன்.

விழா அன்று காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகையில் உலாத்திக்கொண்டிருந்தான். மேடையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "தொண்டைக்கு மருந்து. பேசப் போறேன்னா ஒரு வாய் குடிச்சிட்டுப் போ" என்று கொடுத்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். கண் கலங்கியது. நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். "அண்ணேன்னா அண்ணேதான்" என்றான். ஒரே மடக்கு.

அதற்குப் பிறகு நடந்ததை டாக்டர் எழுதியிருப்பார், நான் விவரிக்க வேண்டாம். நான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். படகுக்காரிதான் முதலில் ஓடி வந்தாள். அவனைத் தூக்கிப் படகில் போட்டு, அவளே துடுப்புப் போட்டு அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவள் அன்றைக்குப் போட்ட வேகத்துக்குத்தான் அவன் உயிர் நின்றது என்றார்கள். அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பாட்டில் மாறிவிட்டது, சோடா ஊற்றி வைத்திருந்ததை மருந்து என்று எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். என்னைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நீங்களும் போய் ஏறியிருக்கலாமே, படகில் இடம் இருந்ததே என்று நேற்று கேட்டீர்கள். இருந்தது. ஆனால் விழா இருந்தது. வெளியூர் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத் தலைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். யாராவது ஒருவர் மேடை ஏற வேண்டும்.

நான் ஏறினேன். அவன் நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது. மாஸ்டருக்கு விபத்து, ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறார் என்று ஆரம்பித்தேன். எழுதி வைத்ததைத் தொடவே இல்லை. நெஞ்சிலிருந்து வந்தது. சின்ன வயதில் அவன் எப்படிப் பேசுவான் என்பதைச் சொன்னேன், அம்மா அவனைக் கூப்பிட்டதைச் சொன்னேன், அன்பு எப்படி ஒருவனை அமைதியாக்கும் என்பதைச் சொன்னேன். முன் வரிசை அழுதது. டிவிக்காரர் கேமராவை விட்டுக் கண்ணைத் துடைத்தார். ஆற்றங்கரை முழுக்க ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு பேர், ஒருவர் விடாமல், நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சைப் பற்றி இன்னும் சொல்கிறார்கள். அதற்குப் பதிவு இருக்கிறது. விசாரணைக்குத் தேவைப்பட்டால் பார்க்கலாம். தேவைப்படாவிட்டாலும் ஒருமுறை பாருங்கள்.

அவன் திரும்பி வர நாளாயிற்று. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். கரைத்த ஆகாரம்தான். குரல் வராது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் அவன் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அது நடிப்பு இல்லை. அவன் என் தலையில் கை வைத்துத் தடவிக் கொடுத்தான். விபத்து என்றே நம்பினான். நான் மனம் உடைந்துவிடக்கூடாது என்று, சிரித்தும் காட்டினான். சிரிப்பு வந்தது, சத்தம்தான் இல்லை. கழுத்துக் குழாயில் விசில் மாதிரி காற்று வந்தது.

பிறகு கொட்டகைக்குப் போனான். கை பழையபடியே இருந்தது. சொல்லப்போனால் தாள் முன்னைவிட மெல்லியதாக வந்தது. கழுத்தில் ஒரு துணி சுற்றிக்கொண்டு நிற்பான். வந்தவர்கள் தூரத்திலேயே நின்று கை கூப்பினார்கள்.

ஒன்று சொல்கிறேன், நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இல்லை. அதற்கு முன்னால் நாங்கள் செய்தது மோசடி. பேசத் தெரிந்தவனை ஊமை என்று காட்டி ஆட்களை ஏமாற்றினோம். என் மனசாட்சியை அது உறுத்தியதுண்டு. இப்போது வருகிறவர்கள் யாரும் ஏமாறவில்லை. என்ன பார்க்க வருகிறார்களோ அது உண்மையாகவே அங்கே நிற்கிறது. எங்கள் தொழிலில் நேர்மையைக் கொண்டுவந்தது, எப்படிப் பார்த்தாலும், நான்தான்.

உண்மை வெளியே வந்தது என் மனைவியால். பாட்டில் கேட்டதை அவள் அத்தனை நாளும் மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். காலி என்று தெரிந்தே பசைக்கென்று வாங்கிப் போன பாட்டில், மறுநாளே மருந்தாக எப்படிக் கைமாறும்? ஒருநாள் படகுத்துறைக்குப் போய்ப் படகுக்காரியிடம் சொல்லிவிட்டாள். படகுக்காரி மத்தியானம் அவனை நடு ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறாள். நான் துறையில் ஒரு குழுவுக்கு, மாஸ்டர் நதியோடு இருக்கிறார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். படகு குலுங்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றது.

கரைக்கு வந்தவன் என் எதிரே வந்து நின்றான். குழு எங்களைச் சுற்றி நின்றது. படம் பிடித்தார்கள். அவன் வாய் அசைந்தது. ஒரு வாக்கியம் முழுக்க அசைந்தது. நான் அதைப் படிக்கவில்லை, அவர்கள் பக்கம் திரும்பிவிட்டேன். என்ன சொல்கிறார் என்று ஒரு பெண் கேட்டாள். நன்றி சொல்கிறார் என்றேன்.

மனைவி அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. படகுக்காரிதான் உங்களிடம் புகாரோடு வந்தது. அவள் எப்போதுமே சத்தக்காரி. அப்புறம் நீங்கள் கொட்டகைக்கு வந்து, யார் கொடுத்தது என்று அவனிடம் கேட்டீர்கள். அவன் என்னைப் பார்த்து விரலை நீட்டினான். நீங்கள் அதைப் பெரிய சாட்சியமாக எடுத்துக்கொண்டீர்கள். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், மேடம். விழுந்தாலும், பசித்தாலும், பயந்தாலும் முதலில் என்னைத்தான் காட்டுவான்.

பாட்டிலில் ஊற்றியது நான். மருந்து என்று சொல்லிக் கையில் கொடுத்தது நான். குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் நின்றதும் நான். இதில் எதையும் மறுக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

வழக்கில் என்னைக் கொடூரமானவன் என்று சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் இதையும் அதில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: இவ்வளவு நடந்த பிறகும், என் தம்பி என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை.